சூடு போட்டா ரூட்டு கேக்கும்

சிரிப்பு வரும். சத்தியமாக வரும். ஆனால் இப்போது வராது. உலை இப்போதுதான் வைத்திருக்கிறது. முதலில் அடைக்கலத்தின் வயிறு எரிய வேண்டும். அந்தத் தீயில்தான் உங்கள் சிரிப்பு வேக வேண்டும். அதுவரை வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

அடைக்கலத்தின் வயிறு எரியப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பால்காரர் "அக்கா, பாலு" என்று கூப்பிட்டால், "பாலுன்னா பத்தாதா, அக்கா எதுக்கு?" என்பார். டிவியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால், "யாரைப் பாத்துச் சொல்றான் இவன்?" என்று திரும்பி மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

மனைவி பிரகதீஸ்வரி. வல்லத்திராக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட்டுக்கு ஆரிப் பூத்தையல் வேலை செய்து கொடுப்பவள். டிசைன் வரைந்து அனுப்ப அவளிடம் ஒரு லேப்டாப் உண்டு. பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. இப்போது அதற்குக் கிழப்பருவம். ஆன் பண்ணிவிட்டு அரிசி களைந்து போட்டால், சோறு வெந்து, வடித்து, ஆறிய பிறகுதான் "வெல்கம்" என்று கண்ணைத் திறக்கும்.

அடைக்கலம் புதுக்கோட்டை கீழராஜவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். தெருவிலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வைத்தியம்: "அமத்திட்டு மறுபடி போடு."

"என்னங்க, இதக் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

"பேரீச்சம்பழத்துக்குப் போடு."

"தீபாவளி ஆர்டருங்க. டிசைன் அனுப்பணும்."

"ம்."

இந்த "ம்"தான் அடைக்கலம் தன் தலையில் தானே வாரிப் போட்டுக்கொண்ட மண்.

பிரகதீஸ்வரி தானே தேடினாள். விண்டோஸுக்குப் பதிலாக, பழைய லேப்டாப்பிலும் ஓடும் லினக்ஸ் ஒன்றைப் பிடித்தாள். எடை குறைந்தது, கொஞ்சம் மெமரி இருந்தாலும் முணுமுணுக்காமல் வேலை செய்வது. "மருமக மாதிரி" என்று அவளே சொல்லிக்கொண்டாள். போட்டுவிட்டாள். போட்டதும் வைஃபை போய்விட்டது. உதவிக்கு, போனில் ஒரு தமிழ் லினக்ஸ் குழுவில் சேர்ந்தாள்.

அன்று சாயங்காலம் அடைக்கலம் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் கால் வைக்கிறார். உள்ளே போன் ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினதுபோலக் கனத்த குரல்.

"சிஸ்டர், மொதல்ல சூடு போடுங்க."

"போட்டேன் சார்."

"இப்ப ரூட்டு கேக்கும்."

"ஆமா சார், கேக்குது!"

"யோசிக்காதீங்க. குடுத்துருங்க."

அடைக்கலத்தின் கையிலிருந்த ஹெல்மெட் கூடத்தில் உருண்டது.

"எவன்டி அவன், ரூட்டு கேக்குறது?"

"சிஸ்டம் கேக்குதுங்க."

"சிஸ்டமா சித்தப்பனா? நீ குடுத்தியா?"

"குடுத்தாத்தான வேலை நடக்கும்!"

"அடிப்பாவி! ரூட்டு விடுறவன்லாம் பஸ் ஸ்டாண்டுல நிப்பான்னு பாத்தா, நடுவீட்டுல போனுக்குள்ள உக்காந்து கேக்குறானே!"

"ஐயோ, சூடுங்கறது ஒரு கட்டளைங்க. எஸ், யு, டி, ஓ. ரூட்டுன்னா முழு அதிகாரம், அதுக்குப் பாஸ்வேர்டு கேக்கும். பேசுனது கார்முகில் சார். குழுவுல எல்லாத்துக்கும் உதவி பண்றவரு."

"கார்முகிலா? பேரே இடிக்குதே!"

"நீங்க பாத்துக் குடுத்திருந்தா நான் ஏங்க அங்க போறேன்?"

அடைக்கலம் "ம்" என்றார். ஆனால் உள்ளே ஒரு சபதம் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டியது. முகிலைக் கலைக்க வேண்டும். அதற்குக் காற்றாக மாற வேண்டும்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து புது நம்பரில் அதே குழுவில் சேர்ந்தார். பெயர்: செந்தமிழன். ஊர்: கோயம்புத்தூர். கோயம்புத்தூரை அவர் பார்த்ததில்லை. ஆனால் "ஏனுங்" என்று தொடங்கி "சரிங்" என்று முடித்தால், நடுவில் எது வந்தாலும் அது கோயம்புத்தூர்தான் என்பது அவருடைய துணிபு.

லினக்ஸ் தெரியாதே? படித்தார். பொறாமையைப் போல ஒரு வாத்தியார் உலகத்தில் இல்லை. ஆதாரை நகலெடுக்க வந்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். பின்பக்கம் எடுத்துக் கொடுக்க அவருக்கு நேரமில்லை.

"ஏனுங் அம்மணி, போனைக் கேபிள்ல சொருகி நெட்டு குடுங். வைஃபைக்குண்டான டிரைவரு தானா எறங்கிக்குமுங்."

இறங்கியது. வைஃபை வந்தது. அடுத்து தமிழ்த் தட்டச்சு, அடுத்து சவுண்டு, அடுத்து பிரிண்டர். கார்முகில் தொண்டையைச் செருமுவதற்குள் செந்தமிழன் பதிலைப் போட்டு, நன்றியும் வாங்கியிருப்பான். கடைசியில் கார்முகிலே, "செந்தமிழன் சார் இருக்கும்போது எனக்கென்ன வேலை?" என்று எழுதிவிட்டு வேறு ஆளுக்கு உதவப் போய்விட்டார். முகில் கலைந்தது. அடைக்கலம் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"என்னங்க, குழுவுல செந்தமிழன்னு ஒருத்தரு. என்னா பொறுமை! கேட்டதையே திருப்பிக் கேட்டாலும் மூஞ்சியச் சுழிக்கிறதில்லை."

"மூஞ்சி ஒனக்கெப்புடித் தெரியும்?" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அடைக்கலம் நெஞ்சை நிமிர்த்தினார். "அப்புடியா? நல்ல மனுசன் போல."

"அவரு பொண்டாட்டி குடுத்து வச்சவங்க."

நிமிர்ந்த நெஞ்சு அந்தரத்தில் நின்றது. அந்தப் பெண்டாட்டியே இவள்தான். ஆனால் அது இவளுக்குத் தெரியாது. அப்படியென்றால் இந்தப் பெருமூச்சு யாருக்கு? வேறு ஆளுக்கு!

அதோடு விட்டதா? போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். செந்தமிழன் அனுப்பிய ஜோக்காம். அதே ஜோக்கைப் போன வாரம் சாப்பிடும்போது அடைக்கலம் அவளிடம் சொன்னார். அப்போது அவள், "ரசம் ஊத்தவா?" என்றாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு அது. எங்கே போயிற்று என்று அவர் தேடாமலே விட்ட சிரிப்பு. இப்போது கிடைத்துவிட்டது, ஆனால் வேறொருவன் பெயரில் பட்டா ஆகிவிட்டது.

காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் அந்த அயோக்கியனை முறைத்தார். அவனும் முறைத்தான்.

சிரிப்பா? பொறுங்கள். இன்னும் ஒரு கொதி வரட்டும்.

ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். போன் முனகியது. "செந்தமிழன் அண்ணே, திரையில கீழ இருந்த பட்டையவே காணோம்!" ஒரு கையால் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே மறுகையால் அவசரமாகத் தட்டினார்.

"பதறாதீங் அம்மணி. திரையில வலது கிளிக் பண்ணுங். செட்டிங்ஸ்னு வரும், அங்கிட்டு போயி பேனலை அமுக்குங்."

பதில் உடனே வரவில்லை. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"அங்கிட்டா?"

"ஆமாங் அம்மணி, அங்கிட்டுத்தானுங்."

"சரிங்கண்ணே. அங்கிட்டே போறேன்." கூடவே கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கும் ஒரு மஞ்சள் மூஞ்சி.

புதுக்கோட்டை அங்கிட்டு எப்படிக் கோயம்புத்தூர் பஸ் ஏறியது என்று நீங்கள் கேட்கிறீர்கள். அடைக்கலம் கேட்கவில்லை. அவர் பார்த்தது மஞ்சள் மூஞ்சியை மட்டும். கண்டவனுக்கெல்லாம் மூஞ்சி அனுப்புகிறாளே!

அதற்குப் பிறகு கேள்விகள் லினக்ஸை விட்டு லேசாக நகர்ந்தன.

"பட்டை வந்துருச்சுண்ணே. ஒரு சந்தேகம். வீட்டுல நீங்க பாத்திரம் கழுவுவீங்களா?"

செந்தமிழன் சின்ன மனுசனா என்ன? "என்ற வூட்டுக்காரியப் பாத்திரத்தத் தொடவே வுடறதில்லீங்."

அன்று சாயங்காலம் வீட்டில்: "என்னங்க, செந்தமிழன் அண்ணன் பாத்திரம் கழுவுவாராம்."

"கழுவுறானா? பெரிய இவனா அவன்? கொண்டா அந்த நாரை!"

அடுத்த நாள், "மாவாட்டுவீங்களாண்ணே?" ஆட்டுவான். "மீன் ஆய்வீங்களா?" முள்ளே இல்லாமல் ஆய்வான். செந்தமிழன் கோயம்புத்தூரில் வாயால் செய்ததையெல்லாம் அடைக்கலம் வல்லத்திராக்கோட்டையில் கையால் செய்தார், அதுவும் அவனைவிட ஒரு படி மேலாக. அளந்து விட்டது ஒருத்தன், முதுகு ஒடிந்தது ஒருத்தன். கஷ்டம் என்னவென்றால், இரண்டு பேருக்கும் ஒரே முதுகு.

கொடியில் சேலை உலர்த்திக்கொண்டிருந்தவரைப் பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, அதிசயமா இருக்கு?"

"கோயம்புத்தூருல ஒருத்தன் காயப் போடுறான்க்கா. நான் போடக் கூடாதா?"

"அவன் போட்டா அங்க காயுது. அதுக்கு நீ ஏன் இங்க புழியுற?"

இந்த நிலையில்தான் அந்த மெசேஜ் வந்தது. "அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழமை நீங்க எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும். நாட்டுக்கோழி. எங்க வீட்டுக்காரரு ஒங்களப் பாக்கணும்னு துடியாத் துடிக்கிறாரு."

 "வர முடியாதுங் அம்மணி. மாட்டுக்குக் காய்ச்சலுங்" என்று தட்டி அனுப்பிவிட்டு, அடைக்கலம் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். தப்பித்தோம்!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. குழம்பு வாசனை தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. பிரகதீஸ்வரி புதுச் சேலையில் இருந்தாள். தலையில் மல்லிகைப்பூ, பந்து பந்தாக.

"யாருக்கு இம்புட்டு அலங்காரம்?"

"செந்தமிழன் அண்ணன் வர்றாருல்ல."

"வர்றானா?"

"கெளம்பிட்டாராம்."

அடைக்கலத்துக்கு வீடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. செந்தமிழன் நான். நான் வரவில்லை. அப்படியானால் வருகிறவன் யார்? எவனோ ஒரு திருட்டுப் பயல், நான் கஷ்டப்பட்டுப் போட்ட வேஷத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டு, என் வீட்டுக் கோழியைத் தின்ன, என் பெண்டாட்டி கையால் பரிமாறத் தின்ன வருகிறான்! பாத்திரம் கழுவியது நான். மாவாட்டியது நான். பேர் வாங்கப் போவது அவனா?

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். வண்டியில் போனவனையெல்லாம் முறைத்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளைக் கோயம்புத்தூரா என்று விசாரித்தார். இன்னாசியம்மாள் சுவருக்கு மேலே வந்தார். "இன்னைக்கு வாசல் முறையா தம்பி? எங்க வாசலையும் ஒரு இழுப்பு இழுத்து விடேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க, உள்ள வாங்க. ஆறிப் போகுது."

அடைக்கலம் உள்ளே பாய்ந்தார். "ஏ புள்ள, நான் சொல்றதக் கேளு. வர்றவன் போலி!"

"ஒங்களுக்கு எப்புடிங்க தெரியும்?"

"தெரியும்! செந்தமிழனால வர முடியாது!"

"ஏனாம்?"

"மாட்டுக்குக் காய்ச்சல்!"

"அப்புடின்னு யாரு சொன்னா?"

"யாரு சொன்னாவா? முந்தாநாளே மெசேஜ் போட்டேனே!"

"போட்டானே" என்று வரவேண்டிய இடம். டாவுக்குப் பதில் டே வந்துவிட்டது. தமிழில் வினைமுற்று என்று ஒன்று உண்டு. செய்தது யார் என்பதை அதன் வால் காட்டிக் கொடுத்துவிடும். இலக்கண வகுப்பில் தூங்கியவர்களை அது இப்படிக் காத்திருந்துதான் பழிவாங்கும்.

விளக்குமாறு கை நழுவியது. பிரகதீஸ்வரியின் முகத்தில் ஆச்சரியம் பேருக்குக்கூட இல்லை. அடைக்கலம் கூடத்தைப் பார்த்தார். கோழிக் குழம்பு ஆவி பறக்க, எதிரும் புதிருமாக இரண்டே இரண்டு இலைகள்தான் போட்டிருந்தன. மூன்றாவது இலை இல்லை. வருகிற ஆள் எவனும் இல்லை.   

பிரகதீஸ்வரி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, விருந்தாளியை வரவேற்கிற மரியாதையோடு இலையைக் காட்டினாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு."