சம்பந்தியம்மாவின் அட்டவணையும் தயிரில் ஊறிய கரியும்

என் அருமைத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் அவருடைய முழங்காலும் சௌக்கியம்தானே? இங்கே எல்லாரும் நலம். என் வயிறு மட்டும் எரிகிறது. டாக்டரிடம் போகவில்லை. இது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை, சம்பந்தி எரிச்சல்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்கு வேலை கிடைத்ததற்காக மகன் வீட்டுப் பின்பக்கத்தில் பார்பிக்யூ விருந்து வைத்தார்கள், அறுபது பேருக்கு. அறுபது பேருக்குச் சமைப்பது எனக்கு ஒரு வேலையா? உன் கல்யாணத்தில் எண்பது பேருக்கு ஒற்றை ஆளாக நின்று பொங்கிப் போட்டவள் நான், வாசனையை வைத்தே வெந்ததா வேகலையா என்று சொல்லிவிடுவேன், இது ஊருக்கே தெரியும். ஆனால் பேத்தி என்ன செய்தாள் தெரியுமா, மருமகளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்கதான் டைம் பார்த்துக்கணும்"னு பொறுப்பைக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவராம். அதனால் பேத்தி அவருக்கு 'டைம் பாட்டி' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறாள். நான் வெறும் பாட்டி. முன்னால் ஒன்றும் கிடையாது, மொட்டைப் பாட்டி.

சம்பந்தியம்மா முதல் நாளே வந்து இறங்கிவிட்டார். மறுநாள் காலையில் தன் மூக்குக்கண்ணாடி மேல் தானே உட்கார்ந்து அதை உடைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். அப்புறம் பத்து மணிக்கெல்லாம் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. இரண்டே காலுக்குத் தீ மூட்ட வேண்டும், மூன்றுக்கு எலும்போடு இருப்பது, மூன்று இருபத்தைந்துக்கு எலும்பில்லாதது, மூன்று நாற்பதுக்குச் சோளம், நான்குக்குத் தட்டு. விருந்தாளி எத்தனை மணிக்கு ஏப்பம் விட வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி. பேத்தி அதைப் படித்துவிட்டு, "டைம் பாட்டி, நீங்க ஜீனியஸ்!" என்று அவர் கன்னத்தைக் கிள்ளினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், என் கன்னமும் அங்கேயேதான் இருந்தது.

அந்த அட்டவணையின் முதல் வரி: 'பன்னிரண்டு மணி. கரியைத் தயிர் மசாலாவில் ஊற வைக்கவும்.' இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே தருகிறேன். கரி, சின்ன ர. நீ கேட்கலாம், கறி என்றுதானே அக்கா இருக்க வேண்டும் என்று. நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தேன், ஆனால் சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து வாங்கினவள், எனக்கா ரகரம் றகரம் தெரியாது? இருந்தாலும் நமக்கு எதற்கு வம்பு என்று நேராகப் போய்க் கேட்டேன்.

"சம்பந்தியம்மா, தாள்ல இருக்கிறபடியே செஞ்சுடட்டுமா?"

"ஒரு எழுத்துகூட மாறாம செய்யுங்க சம்பந்தி. ஒண்ணு தப்பினா எல்லாமே தப்பிடும்."

சொன்னது அவர் வாய்தான். எனக்கென்ன வந்தது? காலம் மாறிவிட்டது, கரிக்கும் மசாலா தடவுகிறார்கள்போல என்று ஒரு மூட்டை அடுப்புக்கரியை அண்டாவில் கொட்டி, இரண்டு வாளித் தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் போட்டு, கை வலிக்க வலிக்கப் பிசைந்து மூடி வைத்தேன். உப்பு சரியாக இருந்தது.

இரண்டே காலுக்கு மகன் தீ மூட்ட வந்தான். கரியைத் தேடி அண்டா மூடியைத் திறந்தவன், தயிர் சொட்டச் சொட்ட ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான்.

"யாரும்மா கரிக்குத் தயிர் ஊத்துனது?"

"அட்டவணைப்படிதான்டா."

"அப்போ கறி எங்க?"

"ஃபிரிட்ஜுக்குள்ள ஜில்லுனு இருக்கு. அதைப் பத்தி தாள்ல ஒண்ணும் சொல்லலையே!"

மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், விசிறிப் பார்த்தார்கள், மருமகளின் முடி உலர்த்தும் மெஷினைக்கூடக் கொண்டுவந்து காட்டிப் பார்த்தார்கள். கரி பற்றவே இல்லை. அங்கே அன்றைக்குப் பற்றி எரிந்தது என் வயிறு ஒன்றுதான். வேறு கரி வாங்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை, கடைகளும் மூடியிருந்தன. அறுபது பேரும் கையில் காலித் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சம்பந்தியம்மா தாளை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு எல்லார் முன்னாலும், "தப்பு என்னோடதுதான், அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பார்த்தாயா, அவரே ஒப்புக்கொண்டார்!

அப்புறம் யார் போய் நிற்பது? நான்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். நாலு பர்னர் கேஸ் அடுப்பு, ஒரு ஓவன், வாசனையே கடிகாரம். அந்த அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். ஆறு மணிக்குள் அறுபது பேரும் சாப்பிட்டாகிவிட்டது. எல்லாரும் என் கையைத்தான் புகழ்ந்தார்கள். ஆனால் பேத்தி? நேராகப் போய், "அழாதீங்க டைம் பாட்டி" என்று அவரைக் கட்டிக்கொண்டாள். சமைத்தவள் நான், கட்டிப்பிடித்தது அவரை! போட்டோவிலும் அவர்கள் இரண்டு பேரும்தான், பின்னால் கரண்டியோடு என் பாதி முகம். இந்த அநியாயத்தை நீதான் நம் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நல்ல சம்பந்தி வாய்த்து நன்றாக இருக்கட்டும். முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. மேலே ஒரு விஷயம் எழுத விட்டுப்போயிற்று. கண்ணாடி உடைந்ததால், அந்த அம்மா சொல்லச் சொல்ல அட்டவணையை எழுதியது நான்தான். எழுதும்போது வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியம். பன்னிரண்டு மணிக்குப் படித்தபோது என் தப்பு எனக்கே புரிந்துவிட்டது, அதுவும் சத்தியம். அது என் கையெழுத்து என்று தெரிந்தும் அந்த அம்மா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார். சொல்வதெழுதுதலில் நான் வாங்கியது பத்துக்கு ஒன்பது, எந்த வார்த்தையில் போயிற்று என்று நீயே கண்டுபிடி. நாளைக்கு அவரிடம் போனில் பேச வேண்டும். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு, ஒரு எழுத்துகூட மாறாமல் படித்துவிடுகிறேன்.