அய்யாவின் வெறும் வயிறு

"நீயும் குடிச்சாத்தான் நானும் குடிப்பேன்," என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் சோணைமுத்து.

தொண்ணூற்றொரு வயது. அசைக்க முடியுமா? மகன் சேதுபதி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், முன்னாலிருந்த இரண்டு சொம்புகளையும் முறைத்தார். மதியம் ராமநாதபுரத்தில் அய்யாவுக்குக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் டெஸ்டு. அதற்கு முன் மருந்துத் தண்ணீர் குடித்துக் குடலைக் கழுவியாக வேண்டும்.

"கக்கூஸ்ல ரத்தம் பாத்தேன்டா. பெரிய டாக்டருட்ட காட்டணும்," என்று போன வாரம் அய்யா சொன்னதிலிருந்து சேதுபதிக்குத் தூக்கமில்லை. அவருக்கும் இரண்டு மாதமாக ரத்தம் போகத்தான் செய்கிறது. ஆனால் அது வெறும் சூடு. இளநீர் குடித்தால் அடங்கிவிடும், வீட்டில் சொல்லிக் கலவரம் பண்ண வேண்டியதில்லை. அய்யாவுக்கு என்றால் சும்மா விட முடியுமா? அய்யா இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. தலைகீழாக நின்றாவது இந்த டெஸ்டை முடித்துவிடுவது என்றிருந்தார். நல்லவேளை, அய்யாவே பஸ் ஏறிப்போய் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கி வந்துவிட்டார்.

"இந்தச் சொம்பு ஒங்களுக்கு, அது மாமாவுக்கு. மாத்திராதீங்க," என்றாள் மனைவி உமையாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"சொன்னதக் கேளுங்க."

சேதுபதி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். தொண்டிக் கடலில் எலுமிச்சம்பழம் பிழிந்ததுபோல் இருந்தது. அய்யா ஒரே மடக்கில் முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து தாயி."

சற்று நேரத்தில் சேதுபதியின் வயிறு கடமுடாவென்று உருண்டது. வீட்டில் இருப்பது ஒரே கக்கூஸ். அய்யாவுக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது? அதனால் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கே யாரோ உள்ளே இருந்ததால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கண்மாய்க்கு ஓடினார். திரும்பி வந்தால், அய்யா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

"அய்யா, ஒங்களுக்கு வரலையா?"

"வரலையேப்பா."

"மருந்து பத்தல! உமையா, இன்னொரு சொம்பு கலக்கு!"

"அப்ப நீயும் குடி," என்றார் அய்யா.

வேறு வழியில்லை. குடித்தார்.

காரில் போகும்போது தேவிபட்டினத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க், அதைத் தாண்டி ஒரு கருவேலங்காடு, அப்புறம் இன்னொரு கருவேலங்காடு என்று வண்டி நின்று நின்று போனது.

"சார், டெஸ்டு அய்யாவுக்கா, ஒங்களுக்கா?" என்றான் டிரைவர் இமானுவேல்.

"அய்யாவுக்குத்தான்! வாய மூடிக்கிட்டு வண்டிய நிறுத்து!"

ஆஸ்பத்திரியில் சேதுபதி நேராகப் பாத்ரூமுக்குத்தான் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவருக்குத் தலை சுற்றியது. அய்யா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தைப் பிரித்துவைத்து, இட்லியைச் சட்னியில் புரட்டித் தின்றுகொண்டிருந்தார்.

"ஏய்யா! வெறும் வயிறா இருக்கணும்யா! எல்லாம் பாழாப் போச்சே!" சேதுபதிக்கு அழுகையே வந்துவிட்டது. பாய்ந்துபோய்ப் பொட்டலத்தைப் பிடுங்கினார்.

உள்ளேயிருந்து வந்த நர்ஸ் அவர் கையைப் பிடித்தாள்.

"விடுங்க சார், அவரு சாப்பிடட்டும், இந்த வயசுல அவருக்கு இதெல்லாம் வேண்டாம்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு, டெஸ்டு ஒங்களுக்குத்தான், உள்ள வாங்க. 'எம்மகன் ரத்தம் போறத மறைக்கிறான், எப்பிடியாச்சும் கூட்டியாந்துருவேன்'னு இந்தப் பெஞ்சுலதான் ஒக்காந்து அழுதாரு."