ஏரி நடுவில் ஒரு விலாசம்

"அக்கா, மேப்பு உங்க வூட்டை ஏரி நடுவுல காட்டுது."

லோகநாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனில் பேசியவன் பார்சல்காரன் பிரதாப். தோணிரேவுக் கரையில் பைக்கோடு நிற்கிறானாம்.

"எங்க குப்பத்துல டவர் கெடைக்காது தம்பி. தண்ணில எறங்கிக் கையால இறால் தடவிப் புடிக்கப் போறப்ப படகுலேர்ந்து ஆர்டர் போட்டேன். 'நீங்கள் இப்போது இருக்கும் இடமா?'னு கேட்டுச்சு. பொய் சொல்லலாமா? ஆமான்னு அமுக்கிட்டேன்."

"இப்ப எங்க கீறீங்க?"

"இப்பவும் படகுலதான். இல்லன்னா உங்கிட்ட எப்படிப் பேசுறது?"

படகைத் தள்ளிக்கொண்டிருந்த சிநேகிதி கஸ்தூரி சிரித்தாள். லோகநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆன்லைன்ல வாங்குறதெல்லாம் ஏமாத்து. பார்சல் கீர்சல் வந்துச்சு, உன் போனை ஏரில வீசிடுவேன்" என்று கணவன் ராஜவேலு ஊர் கேட்கச் சொல்லியிருந்தான். போன் போனால் மீஞ்சூரில் வேலை பார்க்கும் மகள் திவ்யாவின் குரலும் போச்சு. ஆனால் நாளெல்லாம் தண்ணீரில் ஊறும் கால் கேட்கிறதா? கால் அமுக்குகிற மெஷினுக்கு ஆசைப்பட்டுவிட்டாள்.

"இடத்தை மாத்திப் போடுங்கக்கா."

மாற்றினாள். அதற்குள் படகு நகர்ந்திருந்தது.

"ஐயோ, இன்னும் உள்ள போயிட்டீங்க!"

"மேப்பை வுடு. அடையாளம் சொல்றேன். லைட் ஹவுசும் கோயில் கோபுரமும் ஒன்னு பின்னால ஒன்னாத் தெரியும் பாரு, அந்த நேரைப் புடிச்சு வா."

வலை போடும் இடத்துக்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் வழி சொல்வார்கள். நேர் பிடித்து நடந்த பிரதாப் கொஞ்ச நேரத்தில் அலறினான்.

"அக்கா, முட்டி வரைக்கும் தண்ணி! ஷூ போச்சு!"

"அப்ப சரியாத்தான் வந்துகீறே. அப்படியே நில்லு, நானே வரேன்."

கரையை நெருங்கும்போது கஸ்தூரி கிசுகிசுத்தாள். "அடியே, உன் வூட்டுக்காரர் படகு!"

ராஜவேலு அதே கரைக்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

"போச்சுடி, போனு போச்சு!" லோகநாயகி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படகோடு படகாகக் குனிந்தாள்.

"உன்னைப் பாத்துட்டாருடி... இன்னாடி இது, படகைத் திருப்பினு போறாரு!"

"நெஜமாவா? எந்தச் சாமி புண்ணியமோ!"

பாய்ந்து போய்ப் பார்சலை வாங்கி, இறால் கூடைக்குள் அமுக்கி, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடினாள். உயிர் திரும்பி வந்தது. பிரதாப் மட்டும் போகாமல் தண்ணீரிலேயே நின்றான். கையில் இன்னொரு பெட்டி.

"ஒரு ஒத்தாசைக்கா. இது ராஜவேலுன்னு ஒரு அண்ணனோடது. வாரா வாரம் ஆர்டர் போடுவாரு, படகுல வந்து வாங்கினு போவாரு. இன்னிக்கு இன்னான்னு தெரியல, கிட்ட வந்துட்டுத் திரும்பிட்டாரு. உங்க பக்கத்துக்காரருதான், குடுத்துடுங்க... அவரு பொண்டாட்டி கண்ணுல மட்டும் படக்கூடாதாம்!"