நஞ்சுண்டன் கையில் ஏறிய முள்

ட்யூப்காரர் என்றொரு மனித இனம் உண்டு. படையோ கொப்புளமோ கொசுக்கடியோ, நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது சூட்டுக்கு வர்றதுங்க" என்று தீர்ப்பும் சொல்லி, நன்றி சொல்வதா ஓடுவதா என்று நீங்கள் யோசிப்பதற்குள், பாதி பிதுங்கிய ட்யூப் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து உருவிவிடுவார். எல்லாவற்றுக்கும் அதே ட்யூப். மருந்தின் பெயரா? அது ட்யூப்போடு சுருண்டு மடங்கிப்போய் எந்தக் காலமோ ஆயிற்று!

பீளமேட்டு நஞ்சுண்டன் இந்த இனத்துக்கே தலைவர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் பாதிப் பேருடைய முதுகு அவருக்கு அத்துப்படி. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் கழுத்துப் படையைக் கண்டுபிடித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கே வந்தது. வெள்ளகோவிலில் தன் காட்டு நிலத்துக்குக் கிளுவை முள்வேலி அடைத்தபோது விரலில் முள் ஏறியது. சில வாரங்களில் அங்கே ஒரு கட்டி. அது உடைந்து ஆறுவதற்குள் மணிக்கட்டில் ஒன்று. பிறகு முழங்கையை நோக்கி வரிசையாக, எறும்பு ஊர்வதுபோல. ட்யூப் பூசினார். சிவப்பு அடங்கியது; கட்டி ஏறியது. வலியைக் காட்டிலும் பேர் கெட்டுவிடுமே என்ற கவலைதான் அவரை அரித்தது. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தார்.

"ஏனுங்க, கையே போயிருமாட்ட இருக்குது. கெளம்புங்க டாக்டர்கிட்ட" என்றாள் மனைவி புவனா.

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று ஈரோடு வரைக்கும் போனார்கள். அங்கே காத்திருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் காலை எட்டிப் பார்த்து, "உங்களுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்கலீங்க" என்றார். பழக்கம் விடுமா?

தோல் மருத்துவர் மெர்சி கட்டியிலிருந்து சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒன்றும் வளரவில்லை. மறுபடியும் எடுத்தார். மறுபடியும் ஒன்றுமில்லை.

"ஐயா, இங்க வர்றதுக்கு முன்னாடி எதாச்சும் பூசறீங்களா?"

நஞ்சுண்டன் மின்விசிறியைப் பார்த்தார்.

"பூசாம வருவாருங்களா?" என்றாள் புவனா. "ஒறம்பரைச் சனம் வர்றதுக்கு முன்னாடி ஊட்டைக் கூட்டற மாதிரி, நல்லாப் பூசிப்போட்டுத்தான் பஸ் ஏறுவாரு."

"டாக்டருக்குப் புண்ணை அசிங்கமா காட்டக்கூடாதுங்களே, அம்மணி!"

மெர்சி குறுக்கிட்டார்: "எனக்கு அந்த அசிங்கம்தானுங்க வேணும். நீங்க பூசப் பூச, தோல் மேலாப்புல இருக்கறது மட்டும் செத்து, உள்ள இருக்கறது சோதனையில சிக்காம மேல ஏறிட்டே இருக்குது. இப்படியே விட்டா மூட்டுக்கும் எலும்புக்கும் போனாலும் போயிரும்."

அன்றே ட்யூப் பறிமுதலானது. எங்கே ஒளித்தாள் என்று புவனா இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த சில வாரங்கள் நஞ்சுண்டன் வெறும் பையைத் தடவிக்கொண்டு, பீடி விட்டவர்போல் அலைந்தார். பூசாத கையிலிருந்து எடுத்தபோதுதான் ஆள் சிக்கினான்: மண்ணிலும் முள்ளிலும் குடியிருந்து, குத்தின வழியே உள்ளே போகிற, எப்போதாவது ஒருவருக்கு வரும் பூஞ்சை. மாதக்கணக்கில் மாத்திரை, நடுநடுவே ரத்தப் பரிசோதனை. கட்டிகள் வந்த வழியே அடங்கின. கை பிழைத்தது. நஞ்சுண்டன் அரைக்கைச் சட்டைக்குத் திரும்பினார்.

போன வாரம் எதிர்வீட்டுக் கந்தப்பன் வந்து கையை நீட்டினார். விரலில் ஒரு கட்டி.

"இதென்னனு பாருங்க, நஞ்சுண்டண்ணா."

நஞ்சுண்டன் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றினார். உள்ளேயிருந்து புவனா இருமினாள்.

"நானெல்லாம் சொல்லக்கூடாதுங்க. மொதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார் திடமாக.

புவனாவுக்குக் கண் கலங்கியது. அடுத்த வார்த்தையில் காய்ந்தது.

"போறப்ப மட்டும் இதைக் கொஞ்சம் பூசிப்போட்டுப் போங்க." பையிலிருந்து வந்தது புது ட்யூப்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படித்த தைரியத்தில், அடுத்த முறை யாராவது கட்டியோடு எதிரே வந்தால், "முள்ளு குத்துச்சுங்களா? அப்ப இது அந்தப் பூஞ்சையேதானுங்க" என்று அடித்துச் சொல்ல இப்போதே மனசுக்குள் தயாராகிவிட்டீர்கள் அல்லவா? எதற்கும் உங்கள் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.