நடுவிலே கொஞ்சம் அறுந்த ரோடு

இனி உயிரே போனாலும் தரை வழியாகத்தான் பயணம் என்று நான் சபதம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பூசை முடிந்து வந்து ஆப்பம் தின்றுகொண்டிருந்தேன். பெரிய சபதங்களை வயிறு நிறைந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். பசியோடு இருந்தால் மனைவி சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவோம்.

சபதத்துக்குக் காரணம் என் மனைவி பிலோமிதான். தட்டில் இன்னொரு ஆப்பத்தைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“பிளாரன்ஸ் அக்கா மவளுக்கு அடுத்த மாசம் புதுநன்மை. கொழும்புலேருந்து அப்பா தோணியில சொல்லி விட்டிருக்கா. ஞானத்தகப்பன் பக்கத்துல நின்னாத்தான் நன்மை வாங்குவேன்னு பிள்ள ஒரே பிடிவாதமாம்.”

அந்த ஞானத்தகப்பன் நான்தான். புதுநன்மை என்பது பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கும் பூசை.

பிளாரன்ஸ் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது இந்தத் தூத்துக்குடியில் பிறந்தவள் கிளாடிஸ். பனிமய மாதா கோவிலில் ஞானஸ்நானத்தன்று அவளை ஏந்திக்கொண்டு நின்றவன் நான். தாயும் பிள்ளையும் கொழும்புக்குத் திரும்பினார்கள். பின்னாலேயே உலக யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகியும் அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கும் அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆசைதான். ஆனால் நடுவிலே கடல் என்று ஒன்று கிடக்கிறதே!

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கும் கடலுக்கும் ஆகாது. என் அப்பா தோணியை ஓட்டிப் போகிற தண்டல். தாத்தா தண்டல். மாமனார் பவுலுக்குச் சொந்தமாகத் தோணியே இருக்கிறது. இப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்த என்னைச் சின்ன வயதில் அப்பா ஒருநாள் தோணியில் ஏற்றினார். துறைமுகத்துக்கு எதிரேயே இருக்கிற முயல் தீவு வருவதற்குள் நான் அதுவரை தின்றது மட்டுமல்ல, இனிமேல் தின்னப்போவதும் வெளியே வந்துவிட்டது. இது மட்டும் ஊருக்குத் தெரிந்தால் கடற்கரையில் கருவாடுகூடச் சிரிக்கும். அதனால்தான் பெரியவனானதும் ஓர் ஆஸ்டின் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தேன். பழைய கார். மேடு வந்தால் ஏறாது. நல்ல வேளையாக எங்கள் ஊரில் மேடே கிடையாது.

“ஏளா பிலோமி,” என்றேன் கம்பீரமாக. “கடல் பயணம்லாம் அந்தக் காலம். இனி உலகமே ரோட்டுலதான் ஓடப்போவுது. நான் ரோட்டு மனுசன். ரோடு இருந்தா உலகத்து எந்த மூலைக்கும் வாரேன். ரோடு இல்லாத ஊருக்கு வரமாட்டேன். இது மாதா மேல சத்தியம்.”

“ரோடு இருந்தா வருவீயளா?”

“பெஷாவர்னாலும் வருவேன்.”

“சரி,” என்று சொல்லிவிட்டு அவள் தேங்காய்ப்பாலை ஊற்றினாள்.

இவ்வளவு சுலபமாக அவள் ‘சரி’ சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் தேங்காய்ப்பாலைத்தான் கவனித்தேன்.

சாயங்காலம் வெற்றியைக் கொண்டாட அடுத்த வீட்டு வீரபாகு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். வத்தல், மல்லி வியாபாரம் செய்கிறவர். என் காரில் வந்த கப்பல் கேப்டன் ஒருவர் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை ஸீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தார். அதில் உலகத்து நீளமான ரோடுகளின் படம் இருந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் பிலோமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, கல்கத்தாவுல காரைத் திருப்பினா நேரா பெஷாவர்! நடுவுல ஒரு இடத்துலயும் எறங்க வேண்டாம்.”

“ஒண்ணுக்குக்கூடவா?”

“இது என்ன பிரமாதம்? ஆப்பிரிக்காவுல கெய்ரோவுலேருந்து கேப் டவுன் வரைக்கும் போறதுக்கு வழி போடுதான். அமெரிக்காவுல வடக்க அலாஸ்கா, ஒரே பனி. அங்கன கிளம்பினா தெக்க அர்ஜென்டினா கடைசி வரைக்கும் ஒரே ரோடு. பதினஞ்சாயிரம் மைலு! உலகத்துலயே நீளம் அதுதான்.”

அண்ணாச்சி படத்தின் மேல் மூக்கை வைத்துப் பார்த்தார். வத்தலில் காம்பு பார்த்துப் பழகிய கண்.

“ஏலே இஞ்ஞாசி, இங்கன நடுவுல கோடே இல்லியே?”

எனக்குச் சுருக்கென்றது. படத்தில் பனாமா பக்கம் கோடு அறுந்துதான் கிடந்தது. காடும் சதுப்பும். விட்டுக்கொடுக்க முடியுமா?

“அது கொஞ்சம் அறுந்திருக்கு அண்ணாச்சி. அதனால என்ன? காரைக் கப்பல்ல ஏத்தி அந்தப் பக்கம் எறக்கி ஓட்டிக்கிட்டே போவாங்க.”

“அப்ப அது கடலுல்லா?”

“யாரு சொன்னா? காரு கூடவே வருதுல்லா? காரு போனா அது ரோடுதான். நடுவுல கொஞ்சம் தண்ணி இருந்தா ரோடு இல்லன்னு ஆயிருமா?”

முற்றத்தில் கீரை உருவுகிற சத்தம் நின்றது. பிலோமி நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னொரு மட்டம் சொல்லுங்க. நல்லாருக்கு,” என்றாள்.

மனைவி நம் பேச்சை இன்னொரு தடவை கேட்கிறாள்! கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல், இன்னும் உரக்கச் சொன்னேன்.

மறுநாள் மாமனார் வந்தார். வந்தவர் நேரே காரிடம் போய், கயிற்றால் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார்.

“என்ன மாமா பண்ணுதீய?”

“தோணியில எங்கன வைக்கலாம்னு பாக்கேன் மாப்ளே. பாய்மரத்துக்குப் பின்னால சரியா உக்காந்துரும்.”

“எது?”

“உங்க காருதான். காரோட கொழும்புக்கு வாரேன்னீயளாமே. பிலோமி சொன்னா.”

நான் உள்ளே பாய்ந்தேன். “ஏளா, நான் எப்பம் சொன்னேன்? ரோடு இருந்தாத்தான வாரேன்னேன்!”

“ரோடுதான் இருக்கே. நம்ம வாசல்லேருந்து துறைமுகம் வரைக்கும் ரோடு. அங்கன கொழும்புத் துறைமுகத்துலேருந்து அக்கா வீட்டு வாசல் வரைக்கும் ரோடு. நடுவுல கொஞ்சம் அறுந்திருக்கு.”

“அது கடலு!”

“காரு போனா அது ரோடுதான்னு யாரு சொன்னா?”

“நான் எங்க சொன்னேன்?”

பிலோமி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “அண்ணாச்சீ!”

“ஆமாத்தா, ரெண்டு மட்டம் சொன்னான்!” என்று அடுத்த வீட்டிலிருந்து குரல் வந்தது. கேள்வி என்னவென்றுகூட அவர் கேட்கவில்லை.

நான் அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். “பெட்ரோல் கிடையாது. ரேஷன் கூப்பன் தீந்துபோச்சு.”

“தோணிக்கு எதுக்குங்க பெட்ரோல்? பாய்தான இழுக்கு.”

“காரு கனம் தாங்காது!”

“உப்பு மூட்டை ஏத்துத தோணி மாப்ளே,” என்றார் மாமனார். “உங்க காரு அதுல பாதிகூட இருக்காது.”

“உப்புத் தண்ணி பட்டுத் துருப்பிடிச்சிரும்!”

“இனிமே பிடிக்கதுக்கு அதுல எங்கன எடம் இருக்கு?” என்றாள் பிலோமி. பிறகு கொஞ்சம் குரலை இறக்கினாள். “மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கீய. எனக்கு எங்க அக்காவைப் பாக்கணும்ங்க.”

அவள் கண் கலங்கியிருந்தது. கார்ச் சாவியை எடுத்து மாமனாரிடம் நீட்டினேன்.

தோணி புறப்படும் அன்று பாதித் தூத்துக்குடி கடற்கரையில் நின்றது. பலகை போட்டு, வடம் கட்டி, ‘ஏலேலோ’ போட்டு என் ஆஸ்டினை ஏற்றினார்கள். கடைசியில் என் முறை. கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு பலகையில் ஏறினேன்.

“நீங்க காருக்குள்ள உக்காருங்க,” என்று கதவைத் திறந்துவிட்டாள் பிலோமி. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரையில் நின்ற ஜனங்களைப் பார்த்து அவள் சத்தமாகச் சொன்னாள். “காரை விட்டு ஒரு நிமிசம் நகரமாட்டாராம்! அவ்வளவு பாசம்!”

வாடைக் காற்று பாயை நிரப்பியது. முயல் தீவு கண்ணில் பட்டது. என் வயிற்றுக்கு அந்தத் தீவை நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த நேரம் பார்த்து கார்ச் சன்னல் வழியாக ஒரு வாளி உள்ளே வந்தது. அதன் பின்னால் ஓர் எலுமிச்சம்பழம். அதன் பின்னால் பிலோமியின் கை.

“ஏளா... உனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணத்தன்னைக்கே உங்க அம்மா சொல்லிட்டாவ. நான் யார்ட்டயும் மூச்சு விட்டதில்ல. கண்ணாடிய ஏத்திக்கிடுங்க. காருக்குள்ள நடக்குதது ஊருக்கு எதுக்கு?”

கொழும்பு வரும்வரை நான் காரை விட்டு இறங்கவே இல்லை. அப்பேர்ப்பட்ட பொறுப்பான மனிதரைத் தாங்கள் பார்த்ததில்லை என்று தோணிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

துறைமுகத்தில் அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடியும் அழுதார்கள். புதுநன்மையன்று கிளாடிஸை வெள்ளை உடுப்போடும் பூமுடியோடும் என் பக்கத்தில் உட்கார வைத்து, கோவில்வரை நானே காரை ஓட்டிப் போனேன். அக்கா வீடு இருந்த கொட்டாஞ்சேனைத் தெருவே வேடிக்கை பார்த்தது. என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஸ்டியரிங் பிடித்ததில்லை.

விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை கேட்டாள். “சித்தப்பா, நீங்க ஊர்லேருந்து எப்படி வந்தீங்க?”

பந்தி முழுவதும் என் வாயைப் பார்த்தது. எதிரே பிலோமி இறாலுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ரோட்டுலதாம்மா வந்தேன்,” என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“நிறைய சாப்பிடாதீய,” என்றாள் பிலோமி, உரித்த இறாலை என் இலையில் வைக்காமல் தன் வாயில் போட்டுக்கொண்டு. “நாளைக்கு அதே ரோட்டுலதான் திரும்பணும்.”