இருபத்தொன்பதாம் நம்பர் பெட்டி

எங்கள் ஊரில் ஏரி உறைந்ததும் நிலத்துக்கு அடியில் போய்விடுகிற உயிர்கள் இரண்டு. ஒன்று கரடி. அது சமர்த்து, போன கையோடு தூங்கிவிடும். மற்றொன்று, வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தன் துப்பாக்கிக்குத் தானே தோட்டா செய்துகொள்கிற மனிதர். இவர் தூங்கமாட்டார்.

இப்படி ஒரு ஜாதியை நான் பார்த்ததே இல்லை என்கிறீர்களா? பொறுங்கள்.

எங்கள் மினசோட்டாவின் வடகோடியில் மான் வேட்டை நவம்பரில் இரண்டே வாரம். அந்த இரண்டு வாரத்தில் ஒரு மனிதர் சுடுவது இரண்டு தடவை, மிஞ்சிப்போனால் மூன்று. அந்த மூன்று வெடிக்காக இவர் குளிர்காலம் முழுக்க, சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மினுக்கி, வாயைச் சீவி, அடியில் பொட்டு வெடியைப் பதித்து, கடுகைவிடச் சின்ன வெடிமருந்துத் துகளைத் தராசில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டுக்குள் கொட்டி, மேலே குண்டை அழுத்தி, கடைசியில் கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிற அதே பொருளைக் கையில் ஏந்திக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்கிற தகப்பனைப்போலக் கண்கலங்குவார். 'கடையைவிட மலிவு' என்பார். அந்தக் கணக்கை எங்களில் யாரும் கடைசிவரை போட்டுப் பார்த்ததில்லை. பயம்.

எங்களில் என்றேனா? வாய் தவறிவிட்டது. இருக்கட்டும், இது வெர்லின் ஹாக்ஸ்டாடின் கதை.

வெர்லினுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவர். எந்தப் பேருந்தின் அடியில் எந்தத் திருகாணி எப்போது தளரும் என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். போன நவம்பரில் இவருக்கு ஒரு பெரிய துயரம் நேர்ந்தது. மரத்து மேல் பரணில் விடியற்காலையிலிருந்து விறைத்துப்போய்க் காத்திருந்தவருக்கு எதிரே, எண்பதடி தூரத்தில், பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்து நின்றது. நின்று, திரும்பி, வெர்லினை முகத்துக்கு முகம் பார்த்தது. வெர்லின் சுட்டார். மான் யோசித்தது. பிறகு, அவசரமில்லாமல் நடந்து போயிற்று.

காபிக் கடையில் மறுநாள் ஓடெல் பிரெக்கி காத்திருந்தார். உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர், குளிர்காலத்தில் அடுத்தவர் துக்கத்தைப் பயிரிடுகிறவர்.

"என்னப்பா வெர்லின், மான் உனக்கு வாலை ஆட்டிட்டுப் போச்சாமே?"

"தோட்டா சரியில்ல. நான் செஞ்சது தீர்ந்துபோயி, அவசரத்துக்குக் கடைல வாங்கினது."

"போன வருஷமும் அதே பெட்டிதானே? அப்ப மான் விழுந்துச்சே."

"அது வேற மான்."

மேசையே சிரித்தது. மனிதன் மானத்தை இழந்தால் அடுத்து இழப்பது நிதானத்தை. வெர்லின் எழுந்து நின்றார். "ஏப்ரல் முதல் சனிக்கிழமை, துப்பாக்கி கிளப் போட்டி. நூறு கஜத்துல அஞ்சு குண்டும் ஒரு கோழிமுட்டைக்குள்ள அடங்கும். நானே செஞ்ச தோட்டா. அடங்கலேன்னா என் தோட்டா மேசையைத் தூக்கிக் கராஜுல போட்டுடறேன். நிலவறை ஜன்னலோரம் என் வீட்டுக்காரி மார்லிஸுக்கு."

கராஜில் ஜனவரி மாதம் காபியே உறைந்துபோகும். அங்கே மேசையைப் போடுவதும் அதைப் புதைப்பதும் ஒன்று. வெர்லின் உயிரையே பணயம் வைத்துவிட்டார்.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. மனைவி மார்லிஸ் நிலவறையில், அவருடைய மேசையை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லல?"

சர்ச் குடும்பங்களில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் மார்லிஸ் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பாள். தையல் இயந்திரம் இருப்பதோ அதே நிலவறையில், துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒற்றை பல்பின் கீழே. இரண்டு வருஷமாக அவளுக்கு ஊசிக் காது தெரிவதில்லை. வீட்டின் அந்தப் பகுதியில் பகல் வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் கீழே வெர்லின், தராசு, மருந்து.

இனி இந்த ஜாதியின் வழிபாட்டு முறையைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை உணவு முடிந்ததும் இறங்குவார். கதவைச் சாத்துவார். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாவைத்தான் வைப்பார். இரண்டு வைத்தால் பாவம். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். அதற்குப் பிறகு யார் கதவைத் திறந்தாலும், வீடே பற்றி எரிந்தாலும், தலையைத் திருப்பாமல் வலது கையின் சுட்டு விரலை உயர்த்துவார். பேசாதே, எடை போடுகிறேன் என்று அர்த்தம். அந்த விரலுக்கு முன்னால் போதகரே ஒரு தடவை பத்து நிமிஷம் படியில் நின்றிருக்கிறார்.

நியாயமான விரல்தான், மறுக்கவில்லை. மருந்து விஷயத்தில் கவனம் சிதறினால் துப்பாக்கி போகும், கண் போகும். ஆனால் சாப்பாட்டு மேசையிலும் அதே விரல் எழுந்தால் என்ன சொல்வது?

ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பெட்டி. பெட்டி மேல் ஒட்டிய சீட்டில் எறும்பு ஊர்ந்ததுபோல் தேதி, மருந்து, குண்டு, வெளியே எத்தனை டிகிரி குளிர் என்று எல்லாம் எழுதியிருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பனியை வாரித் தள்ளிக்கொண்டு கிளப் மைதானத்துக்குப் போவார். பூஜ்யத்துக்குக் கீழே இருபதில் குப்புறப் படுத்து, புது நம்பர் ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுடுவார். துளைத்த காகிதத்தைக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டுவார்.

மார்லிஸ் பார்ப்பாள். "ஒரே குடும்பம்தான். ஆனா பாகம் பிரிச்சுக்கிட்டுப் போயிருக்கு."

"ஈரப்பதம்," என்பார் வெர்லின். அடுத்த வாரம் மருந்தைக் குற்றம் சொன்னார். அதற்கடுத்த வாரம் பித்தளையை. பிப்ரவரியில் பூமி சுற்றுவதன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நம்பர் ஏறிக்கொண்டே போயிற்று: பதினாறு, இருபத்திரண்டு, முப்பது. துளைகள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

இதற்கு நடுவே மார்லிஸ் மூன்று தடவை எதையோ சொல்ல வந்தாள். முதல் தடவை, துப்பாக்கி அலமாரியைத் துடைத்த அன்று, கையில் துணியோடு படியிறங்கி வந்து, "வெர்லின், உன் துப்பாக்கி..." என்றாள். விரல். இரண்டாம் தடவை மேலேயிருந்து சத்தமாகவே ஆரம்பித்தாள். பொட்டு வெடி எண்ணிக்கொண்டிருந்தவருக்கு எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார், தியாகியின் முகத்தோடு. மூன்றாம் தடவை அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு சீட்டில் எழுதி மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். இரவு சாப்பிடும்போது, "சீட்டுப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன், பாத்தேன். உபயோகமா இருந்துச்சு," என்றார் வெர்லின்.

அவள் உருளைக்கிழங்கைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் வந்தது. நாற்பத்தோரு செய்முறைகளையும் வெர்லின் சுட்டுத் தீர்த்திருந்தார். கடையில் மருந்தும் தீர்ந்திருந்தது. இருபத்தொன்பதாம் பெட்டியில் மட்டும் ஒரு டஜன் மிச்சம். அதைச் சோதித்த அன்று ஒரு குண்டு காகிதத்திலேயே படாமல் போனதால் மனமுடைந்து பாதியில் எழுந்து வந்திருந்தார். 'அன்றைக்குக் குளிர் முப்பது. தோட்டா மேல் பழி போட முடியாது' என்று இப்போது தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

போட்டி நாள் காலையில் அவரால் சாப்பிட முடியவில்லை. நிலவறைக்கு இறங்கி, மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அதன் விளிம்பில் இருபது வருஷத்து முழங்கை தேய்ந்த இடத்தைத் தடவினார். பிறகு இஞ்ச் டேப்பை எடுத்துக் கராஜ் கதவின் அகலத்தை அளந்தார். மேசை போகும். அதுதான் பெரிய வேதனை. போகாமல் இருந்தாலாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும். படியில் மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"போய் முகம் கழுவு," என்றாள். "துப்பாக்கிய நான் வண்டில வைக்கறேன்."

முப்பத்து நான்கு வருஷ இல்லற வாழ்க்கையில் அவள் துப்பாக்கியை வண்டியில் வைத்ததில்லை. வெர்லின் அதைக் கவனித்தாரா? எங்கே கவனிப்பார்? ஈரப்பதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் சேறு. ஓடெல் ஒரு கோழிமுட்டையை ஜேபியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். குறி பார்த்துக்கொள்ள மூன்று குண்டு அனுமதி. மூன்றும் வழக்கமான இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளி, ஆனால் ஒரே இடத்தில் போய் விழுந்தன. வெர்லினுக்குப் புரியவில்லை, துப்பாக்கி மேல் பொருத்தியிருந்த தூரக்கண்ணாடியின் குமிழைத் திருப்பிச் சரிசெய்துகொண்டார். பிறகு ஐந்து. காகிதத்தைக் கொண்டுவந்தார்கள். ஓடெல் முட்டையை எடுத்துத் துளைகளின் மேல் வைத்தார். ஐந்தும் மறைந்துபோயின.

ஓடெலின் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை யாரும் பார்த்ததில்லை. "என்ன நம்பர்டா அது?"

"இருபத்தொன்பது," என்றார் வெர்லின்.

"எழுதிக் குடு. எனக்கு வேணும்."

பத்துப் பேர் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நகல் எடுப்பதற்காகப் பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பதமாக உரித்தார். பின்பக்கம் மார்லிஸின் கையெழுத்து: 'வெர்லின், உன் துப்பாக்கி மேல இருக்கற கண்ணாடி ஆடுது. ஸ்க்ரூவப் பாரு.'

பிப்ரவரியில் எழுதியது. அதன் முதுகில்தான் அவர் இருபத்தொன்பதாம் செய்முறையை எழுதி ஒட்டியிருந்தார். ஆமாம், உபயோகமாகத்தான் இருந்தது.

துப்பாக்கியை எடுத்தார். தூரக்கண்ணாடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அதைத் தாங்குகிற திருகாணியின் தலையில், மறுபடி தளராமல் இருக்க, ஒரு பொட்டு நகப்பூச்சு. ரோஸ் நிறம். நவம்பர் காலையில் துப்பாக்கியைக் கயிறு கட்டிப் பரணுக்கு இழுத்தபோது அது ஏணிப் படியில் 'டங்' என்று இடித்த சத்தம் இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. சத்தத்திலேயே திருகாணியைக் கண்டுபிடிக்கிற காது அது.

துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், பல்பின் கீழே, மார்லிஸ் நூலை நாக்கில் ஈரமாக்கி ஊசிக் காதைத் தேடிக்கொண்டிருந்தாள். நான்காவது தடவை. ஐந்தாவது தடவை. அந்தத் திருகாணியைத் தொடாமல் விட்டிருந்தால் இன்றைக்கு ஜன்னல் அவளுடையது.

வெர்லின் எழுந்து, மேசையின் மேலிருந்ததையெல்லாம் இறக்கினார். பிறகு மேசையை ஜன்னலடியிலிருந்து இழுக்க ஆரம்பித்தார். தரை கிறீச்சிட்டது.

"என்ன பண்ற?"

"ஜன்னலோரம் காத்து. தராசு நிக்கவே மாட்டேங்குது."

"இருபது வருஷமா இல்லாத காத்தா?"

"இப்பதான் தெரிஞ்சுது. நீ அந்தப் பக்கம் பிடி, உன் மிஷினத் தூக்கலாம்."

அவள் எழுந்து வந்து பிடித்தாள். இயந்திரத்தை ஜன்னலடியில் வைத்ததும் உட்கார்ந்து, ஒரே தடவையில் நூலைக் கோத்தாள்.

காபிக் கடையில் வெர்லின் உண்மையைச் சொன்னாரா? நீங்கள் எந்த உலகத்தில் இருக்கிறீர்கள்? கேட்டவர்களுக்கெல்லாம் இருபத்தொன்பதை எழுதிக் கொடுத்தார். ஓடெல் அதில் முந்நூறு செய்து வைத்திருக்கிறார். நான் இருநூறு. எனக்கு ஒரு முட்டையல்ல, பன்னிரண்டு முட்டைத் தட்டு வேண்டியிருக்கிறது. ஈரப்பதமாக இருக்கும்.

உண்மை எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மார்லிஸ் போர்வை தைக்கும்போது என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி அதை என்னிடம் சொல்ல ஒரு வாரம் முயன்றாளாம். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வரும்போது சொன்னாள். பாதை முழுக்கப் பனிக்கட்டி. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். விரலை எடுக்க வழியில்லை.

உங்கள் வீட்டில் தோட்டா இருக்காது, தராசு இருக்காது. கையில் செல்போனோ செய்தித்தாளோ இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் படிக்க உட்கார்ந்த பிறகு யாரோ உங்கள் பக்கத்தில் வந்து எதையோ சொல்ல ஆரம்பித்தார்களே, அப்போது உங்கள் கை என்ன செய்தது?