டிஸ்க் நுழையாத பெட்டி

இனி இந்த ஜென்மத்தில் வீடியோ கேம் பெட்டியை மாற்றுவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். இது மூன்றாவது சபதம். முதல் இரண்டும் எட்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். நான் பிறப்பதற்கு முன்னால் மாட்டிய லிஃப்டுகளில் இன்றைக்கும் அதே மோட்டார்தான் ஓடுகிறது. இந்தக் கேம் பெட்டி செய்கிறவர்களுக்கு மட்டும் என்ன வந்தது? குண்டாக ஒன்றை விற்றார்கள். வாங்கினேன். அது வந்த அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போடவில்லை, ஒல்லியாக ஒன்று வந்தது. மாற்றினேன். பிறகு அதிலேயே வேகமாக ஒன்று. வயிற்றெரிச்சலோடு அதற்கும் மாறினேன். மனைவிக்கு எதுவும் தெரியாது. எல்லாம் கறுப்பு, எல்லாம் டிவிக்குக் கீழே. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், வந்ததும் பெட்டியையா அளந்து பார்க்கப்போகிறாள்?

சனிக்கிழமை இன்னும் மெலிந்த ஒன்று கடைக்கு வந்தது. கையிலிருந்ததைத் தெருமுனை செகண்ட்ஹேண்ட் கடையில் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கி வந்து மாட்டினேன். டிஸ்க்கை எடுத்தேன். போட இடமில்லை. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன். இந்த மாடலில் டிஸ்க் போடும் வாயையே எடுத்துவிட்டார்களாம். அதை அட்டையில் பெருமையாக வேறு அச்சடித்திருக்கிறார்கள்.

என்னிடம் நாற்பது டிஸ்க் இருக்கிறது. அதில் ஒன்றில் இரண்டு வருஷமாக ஒரு ராஜாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அரண்மனைக்குள்ளேயே ஒரு துரோகி. யார் என்று தெரிய இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செகண்ட்ஹேண்ட் கடைக்கு ஓடினேன். என் பெட்டி அப்போதே போய்விட்டது என்றார் கடைக்காரர்.

"அதுக்குள்ளயா? யாருக்குங்க?"

"உங்க வீட்டம்மாவுக்குத்தான் சார். நீங்க எதைக் கொண்டாந்தாலும் உடனே போன் பண்ணச் சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அவங்கதானே எடுத்துட்டுப் போறாங்க."

வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் அவள் வேலை முடிந்து வந்துவிட்டிருந்தாள். படுக்கையறையில் அவளுடைய புடவை அலமாரி திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்ன டிவி. அதில் என் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க முதல் பெட்டியை வித்ததிலேர்ந்து. நீங்க மாத்துறப்பல்லாம் நானும் மாத்திக்கிறேன். எனக்கு ஒரு மாடல் பின்னாடி இருந்தாப் போதும்."

"டிஸ்க்கு?"

"வியாழக்கிழமை எனக்கு லீவு. உங்களுக்கு வேலை. அதெல்லாம் சும்மாதானே கிடக்குது."

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. மானத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"ஒரு மணி நேரம் மட்டும் குடு. கடைசிக் கட்டத்தை ஆடிட்டுத் தந்துடறேன். துரோகி யாருன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

அவள் ஒயரைச் செருகியபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அதுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்? ராணிதாங்க."